தீயை அணைக்கும் கையில் ஏன் சிகரெட்?



1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாகவே நம் நாட்டில் அந்த நாள் தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது.

ஆனால் இவ்வீரர்களின் உயிரைப் பறிப்பது தீ மட்டுமல்ல. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அவர்களில் 100-க்கு 39 பேர் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறந்திருந்தனர். நேரடியாகத் தீயோடு போராடுவது பணி நேரத்தில் 100-இல் 1 முதல் 5 பங்குதான். ஆயினும் அந்த இதய நோய் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சொற்ப நேரத்திலேயே நேர்ந்தது.

இதயத்திற்கு என்ன நேருகிறது?

அயர்ந்து தூங்கும்போது அபாய மணி ஒலிக்கிறது. நாடித்துடிப்பு சட்டென்று உயருகிறது. கனமான உடை, கடும் வெப்பம், வியர்வையால் உடலில் நீர் வற்றுதல் எல்லாம் சேர்ந்து இதயத்தை வருத்துகின்றன. புகைப்பவரின் இரத்தக் குழாய்களோ ஏற்கெனவே சுருங்கியிருக்கின்றன. தீயின் புகையிலும் சிகரெட் புகையிலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உள்ளது. இது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்போடு இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே புகைப்பவர் தீக்குள் நுழையும் முன்பே அவர் இரத்தத்தில் ஒரு பங்கு நச்சிடம் போய்விடுகிறது. தீயணைப்புப் பணியே புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் அறிவித்தது. அதோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

அப்படியிருந்தும் ஏன் புகைக்கிறார்கள்?

இரவுப் பணி, மணிக்கணக்கான காத்திருப்பு, காப்பாற்ற முடியாமற்போன ஒரு குழந்தையின் முகம். “ஒரு சிகரெட் பிடித்தால் மனது லேசாகிறது” என்பார்கள். உண்மை வேறு. கடைசியாகப் புகைத்துச் சில மணி நேரத்தில் நிக்கோட்டின் குறைந்து எரிச்சலும் படபடப்பும் உண்டாகும். அடுத்த சிகரெட் தீர்ப்பது அந்தப் படபடப்பைத்தான். பணியின் பாரம் அப்படியே இருக்கும். புகைப்பதை விட்டவர்களுக்குச் சில வாரங்களில் மனக்கலக்கம் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓராண்டில் இதய நோய் ஆபத்தும் பாதியளவு குறைகிறது.

நாம் என்ன செய்யலாம்?

கண்டிப்பு மட்டும் போதாது. கண்ட துயரத்தைச் சக வீரரிடமோ ஆலோசகரிடமோ மனம்விட்டுச் சொல்ல வழி வேண்டும். நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை மருத்துவர் ஆலோசனைப்படி பயன்படுத்தலாம். 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு தீயணைப்பு வீரர் இருந்தால், “ஏன் புகைக்கிறீர்கள்?” என்று கேட்கும் முன், “நேற்றிரவு பணி எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். பல வேளைகளில் விடுதலை அங்கிருந்தே தொடங்குகிறது.