மரத்தின் சுற்றளவும் அதன் கிரயமும்

திருச்சிராப்பள்ளியை அடுத்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்துள்ள ஸ்ரீரங்கம் தீவில், வாழை, தென்னைத் தோட்டங்களின் ஓரங்களில் தேக்கு, வேம்பு, பூவரசு முதலிய மரங்களும் வளர்க்கப்படுகின்றன. வாழைத்தாரை எண்ணிப் பேரம் பேசி விற்கும் விவசாயிகள் பலர், இருபது முப்பது வருஷம் காத்து வளர்த்த மரத்தை மட்டும் வாங்குவோர் சொல்லும் அளவுக்கே விட்டுவிடுகிறார்கள். இது நஷ்டத்துக்கு இடமாகும்.

மரத்தடியின் நடுச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி காண்பது வியாபார வழக்கம். இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் என்பவர் 1736-ம் வருஷத்தில் வெளியிட்ட வாய்பாட்டினால் இம்முறை பிரசித்தி பெற்றது. உதாரணமாக, 10 அடி நீளமும் 4 அடி சுற்றளவும் உள்ள தடி 10 கன அடியாகும். உருண்டையின் உண்மைக் கன அளவோ ஏறக்குறைய 12¾ கன அடி. இவ்வித்தியாசம் அறுப்பில் போகும் சேதாரத்துக்காக விடப்படுவது, மோசமன்று. ஆனால் அதே சேதாரத்துக்காக மறுபடியும் கழிவு கேட்டால் இணங்கலாகாது.

சுற்றளவில் நேரும் பிழை கன அளவில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேற்சொன்ன தடியை 48 அங்குலத்துக்குப் பதில் 44 என்று அளந்தால், 10 கன அடி 8.4 ஆகக் குறையும். ஆறில் ஒரு பங்கு போயிற்று. சாண் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். சாணுக்கு அரை அங்குலம் தவறினாலும் ஐந்து சாணில் 2½ அங்குலம் தவறிவிடும்.

ஆகையால் நீளாத நாடாவையோ, முறுக்கேறிய மெல்லிய கயிற்றையோ கொண்டு அளத்தல் நலம். இழுத்தால் நீளும் கயிற்றை இறுக்கிச் சுற்றிப் பின் தளர்த்தி அளந்தால் அளவு குறையும். சாய்வாகச் சுற்றினால் கூடும். ஆதலின் கயிறு தடிக்குக் குறுக்கே நேராகப் படிய வேண்டும். ஒட்டியுள்ள கொடியையும் பாசியையும் முன்னரே நீக்குக. அளக்குமிடத்தில் கணுவோ புடைப்போ இருப்பின், அதற்கு மேலும் கீழும் சம தூரத்தில் அளந்து சராசரி கொள்க.

நிற்கும் மரங்களுக்குக் கணக்கு எழுதும் கிராம அலுவலர்கள் தரையிலிருந்து 4½ அடி, அதாவது 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். சரிவான நிலமாயின் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் கொள்ள வேண்டும். மரம் மேலே போகப் போகச் சிறுக்குமாதலால், இவ்வளவைக் கொண்டே கிரயம் பேசுவது வாங்குவோருக்கு அநீதி. நுனியை மட்டும் அளப்பது விற்போருக்கு அநீதி. வெட்டிய தடியின் நடுவே இருதரப்பாரும் சேர்ந்து அளப்பதே நியாயம். வியாபாரி வருமுன் விவசாயி தாமே ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொள்ளல் அவசியம்.