ஈரச் சாலையும் பின்சக்கர வண்டியும்

கோலார் தங்கவயலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆம்னி, பங்காருப்பேட்டைக்கும் கோலாருக்கும் வாடகைக்கு ஓடும் பழைய ஈகோ, பொலிரோ, சுமோ எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. எஞ்சின் இருப்பது வண்டியின் முன்பாதியில். வண்டியைத் தள்ளுவதோ பின்சக்கரங்கள். 1984-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்ற ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிறது. 2014 வரை தயாரான அம்பாசடரும் இந்த வகைதான். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் தானாக எஞ்சின் விசையைக் குறைக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ற மின்னணு ஏற்பாடு இந்தப் பழைய வண்டிகளில் கிடையாது. ஆகவே மழையில் இவை ஆபத்தானவை, அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. முதற்பாதியை மறுக்க முடியாது. இரண்டாம் பாதி தவறு. சாலையில் பிடிமானத்தை உண்டாக்குவது டயரின் ரப்பர். மின்னணுக் கருவி இருக்கிற பிடிமானம் வீணாகாமல் காக்கும். இல்லாததைத் தயாரித்துத் தராது. எனவே பழைய வண்டி வைத்திருப்பவர் தன் பணத்தை ரப்பரிலும், கவனத்தைத் தன் வலது காலிலும் போட்டால், அந்தக் கருவி தரும் நன்மையில் பெரும்பங்கை அடைந்துவிடலாம் என்பதே என் வாதம்.

அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அது நொடிக்குப் பலமுறை அளக்கிறது. ஒரு சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது சாலையைப் பற்றவில்லை, வெறுமனே சுழல்கிறது என்று பொருள். உடனே எஞ்சின் விசை குறைக்கப்படும், அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடப்படும். வெறுமனே சுழலும் சக்கரத்தால் வண்டி முன்னேறாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமான கேடு ஒன்று இருக்கிறது: அப்படிச் சுழலும் டயர் பக்கவாட்டுப் பிடியையும் இழந்துவிடுகிறது. பின்சக்கரம் இரண்டும் அந்த நிலைக்குப் போனால் வண்டியின் பின்பக்கம் வீசும். முன்சக்கர வண்டியில் இதே தவறு நடந்தால் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர வண்டியில் தவறு நடந்தால் வண்டியே சுற்றிக்கொள்ளும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை 2008-இல் தடை செய்தார்கள். அந்தக் கார்கள் எல்லாமே பின்சக்கரத்தால் ஓடுபவை. அதற்குப் பிறகும் அவை மழையில் ஓடுகின்றன. அதற்கென்றே ஆழமான பள்ளம் வெட்டிய தனி மழை டயரும், ஓட்டுநரின் காலும்தான் அங்கே துணை. சாதாரண ஓட்டுநருக்குப் பந்தய வீரரின் திறமை வேண்டியதில்லை. எது முதலில், எது பிறகு என்ற வரிசை தெரிந்தால் போதும்.

இனி சாலை. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், மழை குறைந்த வறண்ட நாட்டில் இருக்கிறது. பெரும் மழை செப்டம்பர், அக்டோபரில். டிசம்பர் முதல் மார்ச் வரை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த வறண்ட மாதங்களில் சாலையில் எண்ணெய்க் கசிவும் தேய்ந்த ரப்பர்த் தூளும் மண்ணும் படிந்துகொண்டே இருக்கின்றன. தங்கவயலுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. நூறாண்டுக்கு மேல் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பின் கொட்டிய சயனைடு மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட நுண்தூள் கிடக்கிறது. காற்று வீசும் காலத்தில் அது ஊருக்குள் பறந்து வீட்டிலும் தெருவிலும் படிகிறது. கோடையின் முதல் தூறல் இந்தத் தூளையும் எண்ணெயையும் குழைத்து மெல்லிய சேறாக்கிவிடும். பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போகும். தூறல் கழுவாது, குழைக்க மட்டுமே செய்யும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் மழையின் முதல் அரைமணி நேரம், தொடர்ந்து பெய்யும் மழையைவிட மோசமாவது இதனால்தான். இங்கே ஓர் ஆச்சரியத்தையும் சொல்ல வேண்டும். அந்த மேடுகளின் தூளில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, நிறைய இருக்கிறது. அதே சிலிக்காவை வேறு விதமாகத் தயாரித்து ரப்பரில் கலந்தால் ஈரத்தில் டயரின் பிடி கூடுகிறது. 1992-இல் மிஷெலின் நிறுவனம் அப்படிச் செய்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, கார் டயரின் தரமே மாறியது.

எண்ணிக்கையில் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். நல்ல டயருக்கும் உலர்ந்த தாருக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.8 என்றும், ஈரத்தில் அது 0.4 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் சுமார் 18 மீட்டரில் நிற்கும். ஈரச் சாலையில் 35 மீட்டர் எடுக்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை உலர்ந்த நாளில் அதிகபட்சம் 71 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம் என்றால், ஈரத்தில் எல்லை 50. பிடிமானம் பாதியானால் வளைவின் வேகம் பாதியாவதில்லை, 30 சதவீதம்தான் குறைகிறது. இது ஓரளவு ஆறுதல் தரும் கணக்கு. அடுத்தது எச்சரிக்கும் கணக்கு. ஒரு டயர் தரக்கூடிய மொத்தப் பிடியை முன்னே தள்ளவும் பக்கவாட்டில் தாங்கவும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்தப் பகிர்வு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. தள்ளுவதற்குப் பாதியைச் செலவழித்தாலும் வளைவைத் தாங்க 87 சதவீதம் மிஞ்சும். தள்ளுவதற்கு 90 சதவீதத்தைச் செலவழித்தால் மிஞ்சுவது 44 சதவீதம் மட்டுமே. அதாவது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதிப்பதில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கடைசியில் எல்லாம் ஒரேயடியாகப் பறிபோகும். பின்சக்கர வண்டி 'திடீரென்று' வீசியது என்று ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதில் இருக்கிறது.

ஆகவே காலின் வேலை, எல்லைக்கு அருகிலேயே போகாமல் இருப்பது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவில் மிதியை ஒரே அளவில் பிடித்து, ஸ்டீயரிங் நேரான பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். வழுக்கும் மேட்டில் இரண்டாம் கியரில் கிளம்பினால் சக்கரத்துக்குப் போகும் திருப்பு விசை குறையும். இவை பலருக்கும் தெரிந்தவை. தெரியாதது ஒன்று உண்டு. வழுக்கும் சாலையில் பிரேக்கைத் தொடாதே, கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்து என்பது பழைய அறிவுரை. சீரான இறக்கத்தில் அது சரியே. ஆனால் பின்சக்கர வண்டியில் எஞ்சின் இழுக்கும் பிரேக் முழுவதும் பின்சக்கரங்களின் மேல்தான் விழும். வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி கிளட்சைச் சட்டென்று விட்டால், ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்ததற்குச் சமம். காலை ஒரேயடியாக எடுப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்: எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாகும் அதே கணத்தில் எஞ்சின் அதைப் பிடித்து இழுக்கிறது. பின்பக்கம் வீசத் தொடங்கினால் காலைத் தளர்த்துங்கள், பிடுங்காதீர்கள். கிளட்சை மிதித்துவிட்டால் சக்கரம் தானாக உருள ஆரம்பிக்கும். பின்பக்கம் இடப்பக்கம் போனால் ஸ்டீயரிங்கையும் இடப்பக்கமே திருப்புங்கள்.

காலைவிடப் பெரியது டயர். இரண்டு புது டயர் மட்டும் வாங்க வசதியிருந்தால் அவற்றை எங்கே மாட்டுவது? முன்னால்தான் என்பார்கள் பலர். திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரமல்லவா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் முன்டயர் பிடி இழப்பதை ஸ்டீயரிங் கைக்குச் சொல்லிவிடும். வேகம் குறைந்ததும் பிடி திரும்பும். பின்டயர் இழப்பதை எதுவும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெரியும்போது வண்டி குறுக்கே நிற்கும். மேலும், நம் வண்டியில் தள்ளும் வேலையும் பின்டயருக்கே. எனவே நல்ல டயர் பின்னால்தான். தேய்ந்துபோன இரண்டை முன்னால் தள்ளிவிடலாம் என்று இதற்கு அர்த்தமல்ல; முன்னாலும் மொட்டை டயர் கூடாது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்கிறது சட்டம். அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளத்துக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. வயதையும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். குறைவாக ஓடும் வண்டியில் பள்ளம் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும்.

காற்றைப் பற்றி ஒரு பிடிவாதமான தவறான நம்பிக்கை உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். மணலுக்கும் சேற்றுக்கும் அது பொருந்தும். நீர் நிற்கும் தார்ச்சாலைக்கு நேர்மாறு. நாசாவைச் சேர்ந்த வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்களை ஆராய்ந்து 1963-இல் வெளியிட்ட கணக்குப்படி, டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பவுண்டு அழுத்தத்தில் அது மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டர். 20 பவுண்டாகக் குறைத்தால் சுமார் 75. அகலமான கார் டயர் இன்னும் முன்னதாகவே மிதக்கலாம். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் இந்த வேகத்துக்கு யாரும் போவதில்லை, அதனால் இது நமக்கு எதற்கு என்று முன்பு கேட்டிருக்கலாம். இப்போது பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை அருகிலுள்ள பேத்தமங்கலம் பக்கத்திலேயே ஓடுகிறது. அது 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது. பழைய வேன்கள் அந்த வேகத்துக்காகப் பிறந்தவை அல்ல. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் வெறும் வண்டிக்கும் முழுப் பாரத்துக்கும் தனித்தனி அழுத்தம் கொடுத்திருப்பார்கள், அதைப் பின்பற்றுங்கள். அழகுக்காக அகல டயர் மாட்டுவதும் மழையில் நஷ்டம். அகலம் கூடினால் டயர் விலக்க வேண்டிய நீரும் கூடுகிறது.

பின்னால் மணல் மூட்டை போடலாமே என்பது இன்னொரு யோசனை. பின்சக்கர வண்டிக்குப் பாரம் உதவும் என்பதைத் தங்கவயலுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964-இல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் புல்டோசர் ஆலை இங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனம் மைசூருவில் செய்யும் சுரங்க டம்பர்கள் பின்சக்கர வண்டிகளே. இத்தகைய லாரியில் பாரம் ஏற்றியதும் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் விழுமாறு வடிவமைப்பார்கள். அப்படியிருந்தும் மழையில் சுரங்கப் பாதை வழுக்கினால் டம்பரை நிறுத்திவைக்கிறார்கள். காரணம், பாரம் கிளம்புவதற்குத் தரும் உதவியை, வளைவிலும் பிரேக்கிலும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எடை கூடினால் பிடியும் கூடும், அடக்க வேண்டிய வேகத்தின் சுமையும் அதே அளவு கூடும். அச்சுக்குப் பின்னால் கிடக்கும் மூட்டை, வீசத் தொடங்கிய வண்டியை இன்னும் வீசும். மூட்டை, பனி உறையும் நாடுகளில் மெதுவாகக் கிளம்புவதற்கான வழி. நம் மழைக்கு அல்ல. பின் அச்சில் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பற்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலில், இரண்டு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும் சிறப்பு வகையைப் பொருத்துவதும் அப்படியே. சேற்றில் அது வரம். ஈரத் தாரில் சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு சக்கரத்தை வீணாகச் சுழலவிட்டாலும், மறுசக்கரம் பக்கவாட்டுப் பிடியோடு வண்டியைத் தாங்கி நிற்கும். சிறப்பு வகையில் இரண்டும் ஒன்றாகவே பிடி இழக்கக்கூடும்.

மிஞ்சியிருப்பது வலுவான ஆட்சேபம்: எந்தக் காலும் நொடிக்குப் பலமுறை அளக்கும் கருவிக்கு ஈடாகாது, இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது வண்டி வாங்கச் சொல்வதே நேர்மை. ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிது வாங்குபவர், வண்டி வீசாமலும் காக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு உள்ளதையே வாங்க வேண்டும். எதிர்பாராமல் ஒருவர் குறுக்கே வந்தால் அது காக்கும், இங்கே சொன்ன எதுவும் அந்த அளவு காக்காது. ஆனால் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பின் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறும் ஊர் இது. ரயிலடிக்குப் போகும் வேனும் பள்ளி வேனும் நாளையே மாறிவிடப் போவதில்லை. அதுவரை அவற்றில் ஏறுபவர்களின் பாதுகாப்பு இரண்டு டயரின் விலையிலும், மாதம் இருமுறை காற்று பார்ப்பதிலும் இருக்கிறது. புதிய வண்டியிலும் மொட்டை டயரின் மேல் அந்தக் கருவி உதவிக்கு வர முடியாது. எனவே வேன் உரிமையாளர்களே, செப்டம்பர் மழைக்கு முன் பின்டயர் இரண்டையும் குனிந்து பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால், புதியதைப் பின்னால் மாட்டும்படி கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.