சுடுமண் கட்டட அலங்காரம்

சுடுமண் (டெரகோட்டா) என்பது களிமண்ணை வடிவமைத்து, உலர்த்தி, சூளையில் சுட்டுப் பெறும் பொருளாகும். கூரை ஓடும் ஐயனார் கோயில் குதிரையும் சுடுமண்ணே. கட்டட முகப்புகளின் பூவேலைகள், தூண் தலைப்புகள் முதலியனவும் இதனால் செய்யப்பட்டன. கண்ணாடி போன்ற பூச்சு இட்டுச் சுட்டது மெருகிட்ட சுடுமண் எனப்படும்.

கோபுரச் சுதை வேலை கட்டடத்தின் மீதே கையால் செய்யப்படுவது. சுடுமண் துண்டுகளோ பட்டறையில் அச்சில் வார்க்கப்பட்டு, பின்னர் முகப்பில் பொருத்தப்படுபவை. ஓர் அச்சிலிருந்து ஒரே வடிவில் பல துண்டுகள் எடுக்கலாம். இதனால் கல் செதுக்குவதைவிடச் செலவு குறைந்தது.

சென்னையில்

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடம் ஹென்றி இர்வின் பொறுப்பில் முடிக்கப்பட்டு 1892-இல் திறக்கப்பட்டது. அதன் செங்கற்களும் சுடுமண் உறுப்புகளும் அரசுச் செங்கற்சூளைகளிலிருந்து பெறப்பட்டன.

அமெரிக்காவில்

1871-இல் சிகாகோ நகரின் கணிசமான பகுதி தீயில் அழிந்தது. அதன்பின் தீயைத் தாங்கும், எடை குறைந்த பொருளாகச் சுடுமண் விரும்பப்பட்டது. மெருகிட்ட பரப்பில் படியும் கரிப்புகையை எளிதில் கழுவலாம் என்பதால் வணிகக் கட்டடங்கள் அதை ஏற்றன. சிகாகோவின் ரிலையன்ஸ் கட்டடம் (1895), நியூயார்க்கின் வுல்வொர்த் கட்டடம் (1913) ஆகியவை புகழ்பெற்றவை. 1930-களில் பொருளாதார மந்தமும் புதிய கட்டடப் பாணியும் இத்தொழிலை நலிவடையச் செய்தன.

சிதைவு

மெருகு நீரை உள்ளே விடாது. இணைப்புகளின் வழியே உள்ளே புகுந்த நீரை எளிதில் வெளியேயும் விடாது. தேங்கிய ஈரத்தால் துண்டுகளைத் தாங்கும் இரும்புக் கொக்கிகள் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் சுடுமண் விரிசல் விட்டு உதிரும். குளிர்நாடுகளில் நீர் உறைந்தும் இச்சேதம் நேர்கிறது. மாமல்லபுரம் முதல் சென்னை வரையுள்ள கரையோரத்தில் உறைபனி இல்லை. ஆனால் உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிக்கும்.

பராமரிப்பு

சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போல, துண்டுகளை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிச் சோதிப்பர். நல்லது கணீரென ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். முதலில் கூரைக் கசிவையும் மழைநீர்க் குழாய்களையும் சரிசெய்ய வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரின் இணைப்புகளை அதே சாந்தால் நிரப்புவதே நல்லது. கடினமான சிமெண்ட் பூச்சும் ஈரத்தை அடைக்கும் பெயிண்டும் மெருகில்லாத சுவருக்கும் இதே தீங்கைச் செய்யும். வுல்வொர்த் கட்டடத்தில் 1977 முதல் 1981 வரை நடந்த சீரமைப்பில் சுமார் 26,000 துண்டுகள் மாற்றப்பட்டன. தொடக்கத்திலேயே கசிவை அடைப்பது அதைவிட எளிது.