காயலான் கடைக்கா, கராஜுக்கா?

துருப்பிடித்த கான்டெஸாவை மீட்க லட்சங்களைக் கொட்டுவதற்கு முன் குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள்

அரசுக் குடியிருப்பின் பின்புறம், மூடிக்கிடக்கும் ஆலையின் போர்ட்டிகோ, ஹவுசிங் சொஸைட்டியின் கடைசி பார்க்கிங் இடம். இப்படி ஏதோ ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திய நீளமான உருவம் ஒன்று ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். டயர்களில் காற்று இருக்காது. பானெட்டின் மேல் பூனை படுத்திருக்கும். தார்ப்பாயை விலக்கினால் ஹிந்துஸ்தான் கான்டெஸா. வீட்டு அம்மாவுக்கு அது இடத்தை அடைக்கும் குப்பை. மகனுக்கு அது அப்பாவின் கார். சொஸைட்டி செயலாளருக்கு நோட்டீஸ் அனுப்ப ஒரு காரணம். மூவருக்கும் கேள்வி ஒன்றுதான்: சரிசெய்வதா, எடைக்குப் போடுவதா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை 60களின் 'மஸில் கார்'களை வைத்துத்தான் கேட்பார்கள். நடுத்தரக் குடும்பக் காரின் உடம்புக்குள் பூதாகரமான இன்ஜினைத் திணிப்பது என்பது அங்கே சூத்திரம். 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு 6.4 லிட்டர் வி-8 இன்ஜின், 325 குதிரைத்திறன். கான்டெஸாவை 'இந்தியாவின் மஸில் கார்' என்று அதன் ரசிகர்கள் அழைப்பது நீண்ட பானெட்டையும் அகன்ற உடம்பையும் பார்த்துத்தான். உள்ளே சூத்திரம் தலைகீழ். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 70களில் தயாரித்த விக்டர் எஃப்.இ. வகைக் காரின் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 80களின் நடுவில் அதை வெளிக்கொண்டுவந்தபோது, நாலரை மீட்டருக்கு மேல் நீண்ட அந்த உடம்பை இழுக்க வேண்டியிருந்தது அம்பாஸடரின் 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன்.

அது அந்தக் காலத்தின் வழக்கம். சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனமும் ரோவர் எஸ்.டி.1 காரின் அழகான உடம்பை வாங்கி, உள்ளே பழைய வான்கார்டு வழிவந்த 2 லிட்டர் இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விற்றது. பட்டுச் சட்டைக்குள் கிழிந்த பனியன். கான்டெஸாவுக்கு விதி கொஞ்சம் இரங்கியது. 80களின் கடைசியில் 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் இன்ஜினும் 5 கியரும் கிடைத்த பிறகு அது உண்மையிலேயே ஓடியது. அமைச்சர்களையும் ஆலை முதலாளிகளையும் சினிமா வில்லன்களையும் ஏற்றிக்கொண்டு ஓடி, 2002இல் நின்றது. உத்தர்பாரா ஆலையே 2014 மே மாதம் மூடப்பட்டது. எனவே இன்று தார்ப்பாயின் கீழ் கிடக்கும் எந்தக் கான்டெஸாவுக்கும் தாய்வீடு கிடையாது.

வாங்க வருபவர்களும் மீட்க நினைப்பவர்களும் முதலில் செய்வது பானெட்டைத் திறப்பது. பாட்டரியைக் கட்டி செல்ஃப் அடித்து, இன்ஜின் ஒரு முறை உறுமிவிட்டால் முகம் மலர்ந்துவிடும். பாதி விலை பேசியாகிவிட்டது என்று பொருள். இன்ஜின் அசையவில்லை என்றால் முகம் சுருங்கும். இரண்டும் தவறான கணக்கு. நெடுநாள் கிடந்த இன்ஜினில் செல்ஃப் அடிப்பதே அடாவடி. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு இரண்டொரு நாள் ஊறவைத்து, கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அப்படியும் இறுகிக் கிடந்தால்கூட உலகம் முடிந்துவிடவில்லை. இதே 1.8 லிட்டர் இசுஸு இன்ஜின் பின்னாளில் அம்பாஸடரிலும் வந்தது. அதற்கு முந்தைய 1.5 லிட்டர் இன்ஜினோ அம்பாஸடரின் சொந்தச் சரக்கு. ஆகவே இன்ஜின் சாமான்களுக்கு கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலோ, டெல்லி மாயாபுரியிலோ, சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் ஏதோ ஒரு வழி பிறக்கும். இன்ஜின் வேலை தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன.

தகடுதான் சிக்கல்.

உடம்பே எலும்பு

லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் தனியாக ஒரு சேஸிஸ் சட்டம் உண்டு. அதன் மேல் உடம்பு உட்கார்ந்திருக்கும். உடம்பு துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். கான்டெஸாவுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ விளிம்புகள், தூண்கள், கூரை எல்லாம் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நின்று பாரத்தைச் சுமக்கின்றன. துரு அந்தக் கூட்டைத் தின்றால் அழகு மட்டும் போவதில்லை. கார் தன் முதுகெலும்பை இழக்கிறது.

துரு வேலை செய்யும் விதமும் கள்ளத்தனமானது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த இணைப்பில் ஈரம் புகுந்தால், துரு உப்பி அந்தத் தகடுகளையே பிளந்துவிடும். மழை நீர் வடிவதற்காக விட்ட துளைகளைச் சேறும் இலைச் சருகும் அடைத்துக்கொள்ள, பெட்டி வடிவ விளிம்பு உள்ளிருந்து அரிபடத் தொடங்கும். வெளியே பெயின்ட்டில் கடுகளவு கொப்புளம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்து எட்டிப்பார்க்கிறது என்றே கொள்ள வேண்டும். கடற்காற்று இதற்குத் துணை. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற ஊர்களில் ஆண்டுக்கணக்கில் வெளியே நின்ற காரையும் ஜெய்ப்பூரில் நின்ற காரையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. ஜெய்ப்பூர் வெயில் ரப்பரையும் சீட் துணியையும் பொடியாக்கியிருக்கும். ஆனால் ரப்பரை வாங்கிவிடலாம். அமெரிக்காவிலும் பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் வடக்கு மாநிலங்களின் கார்களைவிட, வறண்ட அரிசோனாவில் கிடந்த கார்களுக்கு மதிப்பு அதிகம்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், படுக்க ஒரு சாக்கு. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடம்பு நெடுக ஓட்டினால், தகட்டுக்குப் பதில் பட்டி பூசிய இடத்தில் அது பிடிப்பை விடும். அழகாகப் பளபளக்கும் பழைய கார்களில் இந்தக் காந்தம் சொல்லும் கதைகள் சுவாரசியமானவை. பிறகு சீட்டைத் தூக்கி, தரை விரிப்பை உரித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் விரிப்பின் கீழ் தேங்கும் ஈரம் தரையைச் சல்லடையாக்கியிருக்கும். பாட்டரி உட்காரும் தட்டு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, மட்கார்டின் உள்வளைவு, கதவுகளின் அடிப்பகுதி - இவை துருவின் நிரந்தர முகவரிகள். அடியில் கறுப்பாகத் தார் பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். தார் காப்பாற்றவும் செய்யும், மறைக்கவும் செய்யும். ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

கடைசிச் சோதனைதான் தீர்ப்பு மாதிரி. நான்கு கதவுகளையும் மூடிவைத்து, கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள சந்தின் அகலத்தைக் குறித்துக்கொண்டு, காரின் ஒரு பக்கத்தைக் கவனமாக ஜாக்கியில் ஏற்ற வேண்டும். சந்து மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ, உடம்பு நடுவில் வளைகிறது என்று அர்த்தம். ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போனால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம்.

புதுத் தகடு எங்கே?

இந்த இடத்தில் அமெரிக்க ரசிகரும் நம் ரசிகரும் பிரிகிறார்கள். 60களின் ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவருக்குத் தரை, மட்கார்டு, கதவு என்று அத்தனையும் புதிதாக அழுத்திய தகடாகவே விலைக்குக் கிடைக்கின்றன. ஃபோர்டின் உரிமம் பெற்று முழுக் கூட்டையே செய்து விற்கிறார்கள். கான்டெஸாவுக்கு அப்படிப்பட்ட தொழில் இங்கே உருவாகவில்லை. ஒன்று, இன்னொரு கான்டெஸாவைக் கூறுபோட்டு எடுக்க வேண்டும். அல்லது டிங்கரிங் வேலை தெரிந்த ஒருவர் தட்டையான தகட்டை வெட்டி, தட்டித் தட்டி உருவாக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது. அவர்களிடம் படித்த பையன்கள் டென்ட் எடுப்பதைவிட பம்பரையே மாற்றிவிடும் கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்குப் போய்விட்டார்கள்.

நல்ல கை கிடைத்தாலும் வேலையின் ஒழுங்கு முக்கியம். விளிம்புகளை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலில் குறுக்கே குழாய்களைப் பற்றவைத்து உடம்பை முறுக்கிவிடாமல் தாங்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். துருவின் மேல் தகட்டை ஒட்டவைத்துப் பட்டி பூசும் வேலை இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிர்ஷ்டம். பெயின்ட்டை உரிக்க மணல் வீச்சு என்ற வழி ஒன்று உண்டு. கோயில் திருப்பணிகளில் மணல் வீச்சு கல்வெட்டுகளைத் தேய்த்துவிட்டது என்று எழுந்த கூக்குரல் தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கார் விஷயத்திலும் அதே கதைதான். கனமான அடிச்சட்டப் பகுதிகளுக்கு அது சரி. கூரை, பானெட் போன்ற மெல்லிய பரப்புகளில் அழுத்தம் மிஞ்சினால் தகடு நெளிந்துவிடும்.

செலவு? எந்தப் பட்டறையும் உடம்பை உரிக்கும் முன் சொல்லும் தொகை ஆரூடம்தான். புத்திசாலித்தனமான வழி, முதலில் உரிப்பதற்கு மட்டும் பணம் கொடுத்து, பெயின்ட் போன நிர்வாண உடம்பைப் பார்த்த பிறகு மதிப்பீடு கேட்பது. குரோமியப் பூச்சு, கண்ணாடி ரப்பர், விளக்குகள், சீட் ஆகிய சில்லறை ஐட்டங்கள் சேர்ந்து இன்ஜின் செலவை மிஞ்சும். எனவே முழுமையான ஆனால் ஓடாத கார், சாமான்கள் களவுபோன ஓடும் காரைவிட மேல். போட்ட பணம் விற்கும்போது திரும்பும் என்ற நினைப்பில் இறங்குபவர்கள் இறங்காமலிருப்பதே நல்லது. அப்பாவின் காருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் அதிலும் துருவுக்குப் பாசம் கிடையாது.

காகிதத்திலும் துரு

தகடு தேறிவிட்டால் அடுத்தது ஆர்.சி. புத்தகம். உரிமையாளர் காலமாகியிருந்தால் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வேறு மாநிலத்துக் காரானால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று. என்றோ கட்டி முடித்த வங்கிக் கடன் புத்தகத்தில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். காரில் பொறித்த சேஸிஸ் எண் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். துருப்பிடித்த அந்தத் துண்டை டிங்கர் வெட்டி எறிந்துவிட்டால், கார் இருக்கும், அதற்குப் பெயர் இருக்காது.

15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது. தலைநகர் வட்டாரத்தில் வாழும் தமிழர்களுக்குக் கதையே வேறு. 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய ஆணையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் பிறகும் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தது. டெல்லியில் கிடக்கும் கான்டெஸாவுக்குச் செலவு செய்யும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஆர்வக் கோளாறில் பலர் செய்வது இன்ஜின் மாற்றம். பெயருக்கேற்ற 'மஸில்' வேண்டும் என்று வேறு காரின் பெரிய இன்ஜினைப் பொருத்துகிறார்கள். தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைவிடச் சுவையான முரண் வேறொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகள் 'வின்டேஜ்' அந்தஸ்து கேட்கலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். எண் பலகையில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க மட்டுமே தெருவில் இறக்கலாம். ஆனால் நிபந்தனை: சேஸிஸ், உடம்பு, இன்ஜின் எதுவும் மூல வடிவத்திலிருந்து மாறியிருக்கக் கூடாது. பெரிய இன்ஜின் வைத்துப் பீற்றிக்கொண்டவருக்கு அந்தக் கதவு அடைபடும். மெதுவாக ஓடும் மூல இன்ஜினைக் காப்பாற்றியவருக்குத் திறக்கும்.

தேறாத காரும் வீணில்லை. கூடு வளைந்துவிட்ட கான்டெஸாவின் கதவுகளும் கண்ணாடிகளும் கிரில்லும் வேறிரண்டு கார்களைப் பிழைக்கவைக்கும். சாமான்களைக் கழற்றிக் கொடுத்த பிறகு, பதிவை முறைப்படி ரத்துசெய்யாமல் கூட்டைத் தெருமுனைக் கபாடிக்காரரிடம் தள்ளிவிடுவது ஆபத்து. அந்தச் சேஸிஸ் எண் எந்த ஊரில் எந்த வண்டியில் மறுபிறவி எடுக்கும் என்று சொல்ல முடியாது. சாமான் கழற்றாத முழுக் காரை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் தருகிறார்கள். புதிய சொந்தக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகைக்கு அது உதவும்.

கூடு உறுதியாக இருந்து பணம் மட்டும் இல்லாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. உடனே பளபளப்பாக்க வேண்டியதில்லை. வடிகால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, பெட்டி விளிம்புகளுக்குள் மெழுகு எண்ணெய் பீச்சி, மண்தரையிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான கூரையின் கீழ் ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். பிளாஸ்டிக் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும். அது மழையைத் தடுப்பதைவிட ஈரத்தைப் பூட்டிவைப்பதுதான் அதிகம். 1984இல் பதிவான கான்டெஸாவுக்கு 50 வயது நிறைவது 2034இல். அதுவரை துருவை வாசலில் நிறுத்திவைக்கப் பெரிய செலவாகாது. பூனைக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.