மூச்சை இழுத்துப் பிடித்தால் தெரியும் ஈரல்

பண்டசோழநல்லூரிலிருந்து வயிற்று ஸ்கேனுக்குப் புறப்படுகிறவருக்கு அன்று காலை டீகூடக் கிடையாது. பஸ் ஏறி, புதுச்சேரி கதிர்காமம் மருத்துவமனையிலோ கோரிமேட்டு ஜிப்மரிலோ வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே பசி காதை அடைக்கும். இதற்குக் காரணம் பித்தப்பை. சாப்பிட்டால் அது சுருங்கிவிடும். உள்ளே கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது.

உள்ளே போனதும் வயிற்றில் சில்லென்று ஜெல். கருவிக்கும் தோலுக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலியலை உள்ளே போகாது. அடுத்து, “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க!” விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஈரலை, மூச்சிழுக்கும்போது இறங்கும் உதரவிதானம் கீழே தள்ளிக் கொடுக்கும்.

கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு, திரையில் சலித்த மாவைப் பரப்பியது போலச் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. நடுவே கறுப்புக் கோடுகளாக ரத்தக் குழாய்கள். குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கு வெள்ளைக் கரை உண்டு. ரத்தத்தை வெளியேற்றும் மூன்று ஈரல் சிரைகளுக்குக் கரை அவ்வளவாகத் தெரியாது. மூன்றும் கோழிக்கால் தடம் போல மேலே ஒன்றுகூடும்.

அந்தத் தடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கிளாட் குயினோ 1957இல் ஈரலை எட்டுத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டினார். நெட்டப்பாக்கம் பக்கத்து விவசாயிக்கு இது எளிதில் பிடிபடும். ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் வருகிறது. வடிகால் வரப்போரமாக ஓடுகிறது. போர்ட்டல் சிரையின் கிளை வாய்க்கால், ஈரல் சிரை வடிகால். ஆகவே ஒரு வயலை வெட்டி எடுத்தாலும் பக்கத்து வயல் காயாது. இப்படித்தான் 1998இல் டெல்லியில், தந்தையின் ஈரலில் ஒரு பங்கைப் பெற்றுப் பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை. இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் ஈரல் மாற்று சிகிச்சை அதுதான்.

திரையில் கெட்டதும் தெரியும். அமீபா கிருமியால் வரும் சீழ்க்கட்டி பெரும்பாலும் வலப்பக்க ஈரலில் கருமையான வட்டமாகத் தென்படும். யாழ்ப்பாணத்தில் இதனுடன் வந்தவர்களில் பெரும்பாலோர் கள் குடிக்கும் ஆண்கள் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உள்ள புதுச்சேரியும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அதிகம் பேரைக் கலங்கடிப்பது ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்ற வரிதான். கொழுப்பு சேர்ந்த ஈரல் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தெரியும். அவ்வளவுதான் முதல் கிரேடு. போர்ட்டல் சிரையின் வெள்ளைக் கரை மங்கினால் இரண்டு. ஈரலின் பின்பகுதியே மறைந்தால் மூன்று. இது கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கிரேடு ஒன்றைக் கண்டு நடுங்கவும் வேண்டாம், ரிப்போர்ட்டைப் பரணில் போட்டுவிட்டு மறக்கவும் வேண்டாம். உடல் பருமன் உள்ளவர் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாகக் கரையும்.

மறுபடியும் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் டாக்டர் முதலில் தேடுவார்.