பால்மானி காணாத நஞ்சு

விடிகாலையில் எந்தக் கிராமத்துப் பால் சங்கத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது பால்மானிதான். அடியில் கனமான குமிழ், மேலே அளவு குறித்த மெல்லிய தண்டு. நீண்ட ஜாடியில் விளிம்புவரை பாலை ஊற்றி, நுரை அடங்கவிட்டு, பக்கத்தில் உரசாமல் அதை மிதக்கவிடுவார் டெஸ்டர். பாலின் ஊடே பார்க்க முடியாது என்பதால், பால் தண்டைத் தொடும் மேல் விளிம்பில்தான் அளவைப் படிக்க வேண்டும்.

நல்ல பசும்பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்டில் அது 28, 32 என்று தெரியும். தண்ணீர் கலந்தால் பால்மானி அமிழும், எண் குறையும். பால் சூடாக இருந்தாலும் எண் குறைந்துவிடும். அதனால் வெப்பமானியையும் பார்த்துத் திருத்தம் போட்டுத்தான் எழுதுவார்கள்.

இதை ஏமாற்ற ஒரு பழைய வழி உண்டு. கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. பாலில் கொழுப்பை எடுத்துவிட்டால் மிஞ்சும் பால் கனக்கும், எண் ஏறும். அந்த ஏற்றத்துக்குத் தக்கபடி தண்ணீரை விட்டால் எண் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இரண்டு தடவை திருடிய பால், பால்மானிக்கு நல்ல பாலாகத் தெரியும்.

இந்தத் திருட்டைப் பிடிக்க, கொழுப்பைத் தனியாக அளந்தாக வேண்டும். அதற்கு 1890களில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் கண்ட முறை இன்றும் நடப்பில் இருக்கிறது. கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மி.லி. பால், 1 மி.லி. அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குழாய் கையில் பிடிக்க முடியாதபடி கொதிக்கும். அமிலம் புரதத்தைக் கரைத்துக் கருஞ்செம்மையாக்கிவிடும். சுழல் எந்திரத்தில் சுற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்தால், கொழுப்பு மட்டும் தெளிந்த மஞ்சளாகக் கழுத்தில் ஏறி நிற்கும். அங்கே தெரியும் எண்ணே கொழுப்பின் சதவீதம். இப்போது பல சங்கங்களில் மின்னணுக் கருவி வந்துவிட்டது. அதன் கணக்கைச் சரிபார்க்கவும் கெர்பர் குழாயே உதவுகிறது.

நகரத்தில் இந்தப் பொறுப்பு உணவுப் பாதுகாப்பு அலுவலருடையது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் எடுக்கும் மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். அவர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். மாதிரி கெடாதிருக்க ஃபார்மலின் சேர்ப்பார்கள். விற்பனைப் பாலில் சேர்த்தால் குற்றமான அதே ஃபார்மலின்தான்! அறிக்கையில் பால் ‘தரக்குறைவு’ என்று வந்தால் அபராதம். ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் சிறைவரை போகும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் அகப்பட்டது தமிழ்நாட்டில்: 551-இல் 88.

இதை யாரும் பாலில் கலக்கவில்லை. ஈரத்தில் கிடக்கும் கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் வளரும் ஒரு பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் பி1-ஐச் சுரக்கிறது. மாடு அதைத் தின்றால், ஈரலில் அது எம்1-ஆக மாறி மடிக்கு வந்து சேர்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோதுதான், அவை தின்ற கடலைப் புண்ணாக்கிலிருந்து இந்த நஞ்சு முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. அது ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. சட்டம் அனுமதிக்கும் எம்1 அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அதாவது 20 லட்சம் கிலோ பாலில் ஒரு கிராம். பால்மானிக்கும் கெர்பர் குழாய்க்கும் எட்டாத நுண்ணளவு இது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. பாக்கெட் பாலும் விலக்கல்ல: அந்த ஆய்வில் கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் இருந்தது.

எனவே சோதனை மாட்டுத் தொட்டியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாலுக்குக் காட்டும் கண்டிப்பைத் தீவனக் கிடங்குக்கும் காட்டாமல் நஞ்சு வரம்பு மீறிய மாதிரிகளின் எண்ணிக்கை குறையாது.

பால் வாங்குபவர்களுக்கு ஒன்று: சந்தேகம் இருந்தால், கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளும் உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு உங்களுக்குத் தந்திருக்கிறது. மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று: பூசணம் பிடித்த புண்ணாக்கை வெயிலில் காயவைத்துக்கூடக் கொடுக்காதீர்கள், நஞ்சு அதில் முழுதும் போய்விடாது. அதை நிறுத்திவிட்டால் சில நாட்களிலேயே பால் தெளிந்துவிடும்.