காதுக்கு வந்த துணை

சமையலறையில் நிற்கும் பெண்ணுக்குக் கண்ணும் கையும் ஓய்வதில்லை. மீன் வெட்டும்போது புத்தகம் விரிக்க முடியாது. அடுப்பில் கறி கொதிக்கையில் தொலைக்காட்சி முன் உட்காரவும் முடியாது. சும்மா இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கு ஒரு குரல் துணை வந்தால் வேலையின் பாரம் பாதியாகிவிடும். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' கேட்டபடி சமைத்த உம்மாமாரை நாம் அறிவோம். இன்று அந்த உபகாரத்தைக் கைத்தொலைபேசியில் பொட்காஸ்ட் செய்கிறது.

பொட்காஸ்ட் என்பது வேறொன்றுமில்லை, சகோதரிகளே. வானொலி நிகழ்ச்சி போலப் பேசிப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிடுகிறார்கள். இந்தப் பெயர் பிறந்தது 2004ஆம் ஆண்டில். வானொலிக்காக நாம் காத்திருந்தோம். இது நமக்காகக் காத்திருக்கிறது. பிள்ளை அழுதால் நிறுத்தலாம். அது தூங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கண்பார்வை மங்கி, வாசிப்பை விட்டுவிட்ட முதியவர்களுக்கோ இது பெரிய ஆறுதல்.

ஒரு குரலுக்காக மனிதர் எவ்வளவு பாடுபடுவார்கள் என்பது யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். 1990இல் போரினால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிகளுக்கும் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கினார்கள். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்க வீட்டாரும் அயலாரும் கூடினார்கள். சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளர்ந்தது.

அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெரு வெறிச்சோடியது. புத்தளத்து அகதி முகாம்களில் ஊர்ச் செய்தி தேடியவர்களுக்கும் வானொலியே துணை. 1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் நின்றது.

அன்று ஒரே செய்தியைப் பலர் கூடிக் கேட்டார்கள். பிபிசி சொன்னதை வெரித்தாஸ் சொன்னதோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் தவறாக விளங்கினால் மற்றவர் திருத்தினார். இன்று காதுக்குள் கருவியைச் செருகித் தனியே கேட்கிறோம். தினமும் காதோடு பேசுபவர் சொந்தக்காரர் போல ஆகிவிடுகிறார். சொந்தக்காரரிடம் நாம் ஆதாரம் கேட்பதில்லையே! பொட்காஸ்டில் எவரும் பேசலாம். நோய்க்கு மருந்து சொல்பவர் வைத்தியரா? மார்க்கம் சொல்பவர் கற்றவரா? இனிய குரல் என்பதற்காக ஒரு சொல் உண்மையாகிவிடாது.

ஆகவே தாராளமாகக் கேளுங்கள். யார் பேசுகிறார் என்று அறிந்து கேளுங்கள். இடையிடையே காதுக்கருவியைக் கழற்றி, தொலைபேசியை வீட்டின் நடுவே வையுங்கள். மாமியும் மகளும் சேர்ந்து கேட்கட்டும், கேட்டதைப் பேசட்டும். அன்று பெடல் சுற்றியவரைச் சுற்றி ஒரு வீடே கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தை மட்டும் நாம் இழந்துவிட வேண்டாம்.